‘என்ன வேணும்மா?’ என்று கேட்டால்…

கேள்வி: எனக்கு வயது 61. கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தி. ஜானகிராமன், ஜெயகாந்தன், ராஜம் கிருஷ்ணன் எல்லாம் ஒன்று விடாமல் படித்தவள்தான். அப்புறம் வேலை, குடும்பம் என்று விட்டுப்போயிற்று. கண் ஆஸ்பத்திரிக்காக வருஷத்துக்கு இரண்டு தடவை கோவைக்கு இறங்கும்போது புத்தகக் கடைக்குப் போவேன். இப்போது எழுதுகிறவர்கள் யாரென்றே தெரியவில்லை. அலமாரி முன்னால் நின்றால் கடைப் பையன் வந்து, “என்ன வேணும்மா?” என்கிறான். போன தடவை பதறிப்போய் ‘மோகமுள்’ என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இப்போது இரண்டு மோகமுள்! கவிதைப் பக்கம் போகவே பயம். பக்கத்து வீட்டுப் பெண் காலேஜ் படிக்கிறாள், கவிதை எழுதுகிறாள். அவளுடைய தாத்தா பாட்டி சிலோனில் இருந்து வந்து இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். “நல்லா இருக்கும்மா” என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. அவள் முகம் சுருங்கிவிட்டது. அவளிடம் கேட்டுக்கொண்டு ஒரு கவிதையைக் கீழே எழுதியிருக்கிறேன். ஜூலையில் மறுபடி கோவை போகிறேன், ஆயிரத்து ஐநூறு ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். புதிதாக என்ன வாங்கலாம்? பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மகன், “இருக்கிறதையே திரும்பப் படிம்மா” என்கிறான்.
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் குன்னூரில் என் வீட்டு அலமாரியை ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன். என்னிடமும் ஒரே புத்தகம் இரண்டு பிரதி என்று மூன்று இருக்கின்றன. எல்லாம் இதே மாதிரி, கவுன்டருக்கு முன்னால் பதறிப்போய் வாங்கியவைதான். ஆகவே உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு நிறையவே உண்டு.

முதலில் அந்தப் பையன். “என்ன வேணும்மா?” என்று கேட்பது அவன் வேலை. நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள் என்று பரீட்சை வைக்க வரவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைத்திருப்பீர்கள், இவனுக்கா பயம்? “தம்பி, இப்ப எழுதறவங்களோட சிறுகதை எந்தப் பக்கம்? நான் நின்னு பார்த்து எடுத்துக்கறேன்” என்று சொல்லுங்கள். அந்த இரண்டாவது வாக்கியம் முக்கியம். அதைச் சொல்லிவிட்டால் அரை மணி நேரத்துக்கு யாரும் பக்கத்தில் வர மாட்டார்கள். ஸ்டூல் இருந்தால் கேட்டு வாங்கி உட்காருங்கள். கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பா விரிந்திருக்கிற அன்றைக்கு மட்டும் கடைக்குப் போகாதீர்கள், எழுத்து கலங்கும். போவதென்றால் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னாலேயே போய்விடுங்கள்.

நம்முடைய கடைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நிறையக் கடைகளில் புத்தகங்களை எழுதியவர் பெயர்படி அடுக்குவதில்லை, பதிப்பகத்தின்படி அடுக்குகிறார்கள். புது எழுத்தாளர் பெயர் தெரியாதவர் அங்கே எதைத் தேடுவார்? நாலைந்து பதிப்பகங்களின் பெயரை மனதில் வைத்துக்கொண்டால் போதும், வழி திறந்துவிடும். காலச்சுவடு, உயிர்மை, தமிழினி, யாவரும், பொள்ளாச்சியிலிருந்து வரும் எதிர் வெளியீடு. இந்த வரிசைகளுக்கு முன்னால் நின்றாலே இப்போது எழுதுகிறவர்களில் பாதிப் பேர் கண்ணில் பட்டுவிடுவார்கள்.

எடுத்த புத்தகத்தின் பின்னட்டையைப் படிக்காதீர்கள். பின்னட்டையில் இருப்பது பெரும்பாலும் சிநேகிதர் எழுதிய வாழ்த்து. “தமிழில் இதுவரை எழுதப்படாதது” என்று போட்டிருந்ததை நம்பி ஒரு தலையணை நாவலை வாங்கி, எண்பதாவது பக்கத்தில் விட்டவள் நான். இப்போதெல்லாம் நடுவில் எங்காவது திறந்து இரண்டு பக்கம் படிக்கிறேன். முதல் பக்கத்தை எல்லோரும் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருப்பார்கள். நடுப்பக்கத்தில்தான் அந்த ஆள் சாதாரணமாகப் பேசுகிற குரல் கேட்கும். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இடமாகப் பாருங்கள். அந்தப் பேச்சு உங்கள் காதில் விழுகிறதா, அல்லது இரண்டு பேருமே எழுத்தாளர் மாதிரியே பேசுகிறார்களா? வகுப்பில் பையன் சொந்தமாக எழுதிய கட்டுரையையும் அப்பா எழுதிக் கொடுத்த கட்டுரையையும் நொடியில் பிரித்தறிந்தவர் நீங்கள். அதே காதுதான் இங்கேயும் வேண்டும்.

பிடித்திருந்தால் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். “அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்” என்பது ஜெயகாந்தனுக்குச் சரி, அவர் எங்கும் போக மாட்டார். இப்போது ஒரு புது எழுத்தாளரின் புத்தகத்தைச் சில நூறு பிரதிகள்தான் அடிக்கிறார்கள், அது விற்ற பிறகுதான் மறுபடி அடிப்பார்கள். ஜூலையில் பார்த்த கவிதைத் தொகுப்பு தையில் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நீங்கள் ஜூலையில் போவது நல்லதாகப் போயிற்று. கொடிசியா வளாகத்தில் நடக்கும் கோவைப் புத்தகத் திருவிழா பெரும்பாலும் அந்த மாதத்தில்தான். பத்து சதவீதம் தள்ளுபடி கிடைக்கும், உங்கள் ஆயிரத்து ஐநூறுக்குள் இன்னொரு கவிதைப் புத்தகம் நுழைந்துவிடும். கூட்டம் பிடிக்காது என்றால் டவுன்ஹால் பக்கம் ராஜ வீதியில் விஜயா பதிப்பகம் இருக்கவே இருக்கிறது.

சரி, பெயர்கள். உங்கள் கடிதத்தை வைத்து, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். வேறு யாராவது கேட்டால் வேறு சொல்வேன்.

அம்பையிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் படிப்பை விட்ட இடத்துக்கும் இன்றைக்கும் நடுவில் பாலம் போல நிற்பவர் அவர். அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு 1976இல் வந்தது. ‘சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை’ தொகுப்புக்கு 2021இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. ராஜம் கிருஷ்ணனைப் படித்த கைக்கு அந்நியமாக இருக்காது. ஆனால் ராஜம் கிருஷ்ணன் விளக்கிச் சொல்லும் இடத்தில் இவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

அடுத்தது தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’, 2023இல் அகாதெமி விருது பெற்ற நாவல். கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பம் ஒன்றில் காரு மாமா என்பவரின் சாவுக்குச் சொந்தங்கள் வந்து கூடுவதை வைத்துக் கதை விரிகிறது. தலைப்பு கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டிலிருந்து வந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் கேட்கிற பேச்சுத்தான் அதில் வருவது. சத்தமே போடாத நாவல். நான் அதைப் படித்து முடித்த அன்று என் பெரியம்மா பிள்ளைகள் எல்லோருக்கும் வரிசையாகப் போன் செய்தேன், காரணம் சொல்லவில்லை.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ 2020இல் விருது பெற்றது. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டுக்கு வெளியே ஒரு குடும்பம் காத்திருப்பதுதான் கதை. மறுக்க முடியாத எழுத்து. ஆனால் தனியாக இருக்கும்போது, மூடுபனி இறங்கின சாயங்காலத்தில் எடுக்காதீர்கள். பகலில், வெயில் விழும் திண்ணையில் வைத்துப் படியுங்கள்.

இனி உங்கள் மகன். அவரைக் கோபித்துக்கொள்ளாமல் கார்த்திக் பாலசுப்ரமணியனின் ‘நட்சத்திரவாசிகள்’ நாவலை வாங்குங்கள். கம்ப்யூட்டர் கம்பெனிக்குள் நடக்கும் வாழ்க்கை. முப்பத்தைந்து வயதுக்கு மேற்படாதவர்களுக்குச் சாகித்ய அகாதெமி தரும் யுவ புரஸ்கார் 2021இல் இதற்குக் கிடைத்தது. பிள்ளை ராத்திரி பதினொரு மணிக்கும் ‘ஆபீஸ் கால்ல இருக்கேம்மா’ என்று சொல்லிப் போனை வைக்கிறானே, அந்தக் காலில் என்னதான் நடக்கிறது என்று தெரியும். படித்து முடித்து அவருக்கே அனுப்பிவிடுங்கள். இருக்கிறதையே திரும்பப் படி என்று அப்புறம் சொல்ல மாட்டார்.

இந்த யுவ புரஸ்காரைப் பற்றி ஒரு வார்த்தை. விருதை நம்பிப் புத்தகம் வாங்குவது எனக்குப் பிடிக்காது. விருது வாங்கிய மோசமான புத்தகங்களுக்கு எங்கள் வீட்டில் தனி மூலை உண்டு. ஆனாலும் ஒன்றுமே தெரியாத வரிசையில் கைப்பிடியாக அது உதவும். சுனீல் கிருஷ்ணனின் ‘அம்புப் படுக்கை’, ராம் தங்கத்தின் ‘திருக்கார்த்தியல்’, லோகேஷ் ரகுராமனின் ‘விஷ்ணு வந்தார்’ மூன்றுமே அந்த விருது பெற்ற சிறுகதைத் தொகுப்புகள். மூன்றையும் கையில் எடுத்து, நான் சொன்னபடி நடுவில் திறந்து பார்த்து, ஒன்றை மட்டும் வாங்குங்கள். எது என்று நான் சொல்ல மாட்டேன். சிறுகதைத் தொகுப்பில் ஒரு சௌகரியம், குஞ்சப்பனையில் பலாப்பழத்துக்கு யானை வந்து பஸ்ஸை நிறுத்திவிட்டால் அது ரோட்டைக் கடப்பதற்குள் ஒரு கதை முடிந்துவிடும்.

இப்போது கவிதை. நீங்கள் உண்மையில் கேட்க வந்ததே இதைத்தான் என்று நினைக்கிறேன். ஆயிரத்து ஐநூறு ரூபாயைவிட அந்தப் பெண்ணின் முகம் சுருங்கினதுதான் உங்களை எழுத வைத்திருக்கிறது.

அவள் கவிதையை இங்கே மறுபடி எழுதுகிறேன், மற்ற வாசகர்களும் பார்க்கட்டும்:

ஆணியில் தொங்குகிறது
பாட்டியின் படங்கு
அவள் கொழுந்துக்குப் போவதை விட்டு
ஏழு வருஷம்
இன்னும் நனைந்தே இருக்கிறது
என் மனம் போல

படங்கு என்றால் நம் மலைக்காரர்களுக்குத் தெரியும், கீழே இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது செடி கிழிக்காமலும் ஈரம் ஏறாமலும் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுவது. டீச்சர், இதை வாய்விட்டு ஒரு தடவை படியுங்கள். அப்புறம் கடைசி வரியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மறுபடி படியுங்கள்.

என்ன ஆயிற்று? மனம் போல என்ற வரி இருக்கும்போது ஈரம் அந்தப் பெண்ணின் மனதுக்குப் போய்விடுகிறது. நாமும் “சரி, வருத்தமாக இருக்கிறாள்” என்று நகர்ந்துவிடுகிறோம். அந்த வரியை எடுத்துவிட்டால் ஈரம் படங்கிலேயே நிற்கிறது. ஏழு வருஷமாக யாரும் கட்டாத படங்கு எப்படி நனைந்திருக்கும்? கூரை ஒழுகுகிறதா? கார்த்திகை மாத ஈரமா? வேலைக்குப் போவதை விட்டவள் உயிரோடு இருக்கிறாளா? போவதில்லை என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, விடியற்காலையில் அதைக் கட்டிக்கொண்டு இன்னமும் எங்காவது போய் வருகிறாளா? இத்தனையும் ‘இன்னும்’ என்ற ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. கடைசி வரி வந்து கதவைச் சாத்திவிடுகிறது.

கையால் மறைத்தீர்களே, இப்போது எழுதப்படும் கவிதையைப் படிக்க வேண்டிய பயிற்சி அவ்வளவுதான். சொல்லாமல் விட்ட இடத்தில் நிற்கப் பழகுவது. ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்று கோனார் உரை தேடும் பழக்கத்தை நாமே பிள்ளைகளுக்கு ஏற்றிவிட்டோம், பிறகு அதையே நினைத்துப் பயப்படுகிறோம். புதுக்கவிதை ஒன்றும் நேற்றுப் பிறந்ததில்லை. சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியது 1959இல், அதில் வந்த கவிதைகளை வைத்து ‘புதுக்குரல்கள்’ தொகுப்பைப் போட்டது 1962இல். உங்களைவிட மூத்தது, டீச்சர்.

அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது? “அந்த ‘இன்னும்’ வர்ற இடத்துல நான் நின்னுட்டேன்மா” என்று சொல்லுங்கள். அது உண்மை. அப்புறம் உங்கள் கையால் கடைசி வரியை மறைத்துக் காட்டுங்கள், ஒன்றும் விளக்க வேண்டாம். எழுதுகிற பெண் என்றால் அவளுக்கே தெரிந்துவிடும். கோபம்கூட வரலாம். “நல்லா இருக்கும்மா” என்பதைக் கேட்டு வாடிப் போனதைவிடக் கோபம் எவ்வளவோ மேல்.

வாங்க வேண்டியதைச் சொல்கிறேன். இசையின் கவிதைகளை முதலில் எடுங்கள். கோவைக்குப் பக்கத்து இருகூர்க்காரர். கவிதை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் போய்விடும், கடையிலேயே சிரித்துவிடுவீர்கள். சிரித்து முடித்ததும் ஏதோ குத்தியிருப்பது தெரியும். பிள்ளைகளோடு காலம் கழித்த உங்களுக்கு முகுந்த் நாகராஜனும், ஆனந்த் குமாரின் ‘டிப் டிப் டிப்’ தொகுப்பும் கட்டாயம் பிடிக்கும். குழந்தைகள் பேசுவதையும் செய்வதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கவிதைகள். ஆனந்த் குமாருக்கு 2022இல் குமரகுருபரன் விருது கிடைத்தது, கோவையின் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் இளங்கவிஞர்களுக்குத் தருவது. அதற்கு முந்தைய வருஷம் அதே விருது பெற்ற மதாரின் ‘வெயில் பறந்தது’ என் கைப்பையிலேயே கொஞ்ச நாள் கிடந்தது. எல்லாம் சின்னச் சின்னக் கவிதைகள். பாலுக்குக் காத்திருக்கும்போது ஒன்று படிக்கலாம்.

சுகிர்தராணியையும் ஒரு நாள் எடுங்கள், முதல் நாளே வேண்டாம். அவரும் பள்ளி ஆசிரியைதான். சாதியைப் பற்றியும் பெண் உடம்பைப் பற்றியும் அவர் எழுதுகிற வேகத்தில் நமக்கு மூச்சு வாங்கும். பக்கத்து வீட்டுப் பெண் ஏற்கெனவே படித்திருப்பாள் என்று பந்தயம் கட்டுகிறேன்.

கவிதைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நாவல் போலப் படிக்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு, அதிகம் போனால் மூன்று. அறுபது கவிதையில் ஐந்து உங்களோடு தங்கினால் கொடுத்த காசு வந்துவிட்டது. மற்ற ஐம்பத்தைந்தும் பிடிபடவில்லை என்றால் குறை உங்களுடையதாகவே இருக்க வேண்டியதில்லை.

அவள் குடும்பத்துக்காக ஒன்று. 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகத்தான் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களே உருவாயின என்பதை நம் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இலங்கை மலையகத்தின் தெளிவத்தை ஜோசப் எழுதிய சிறுகதைகள் இங்கேயும் தொகுப்பாக வந்திருக்கின்றன. 2013இல் விஷ்ணுபுரம் விருது பெற்றவர், 2022இல் காலமானார். புதுசு என்ற கணக்கில் வராது, இருந்தாலும் கிடைத்தால் விடாதீர்கள். லயத்து வாழ்க்கையை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் நடக்கும் வாழ்க்கையை, உள்ளே இருந்து எழுதியவர். அந்தப் பாட்டி எந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்தாள் என்று அவர் கதையைப் படித்த பிறகு போய்க் கேளுங்கள், பேச்சு தானாக வரும்.

காசு போதவில்லை என்றால் உங்கள் ஊர்க் கிளை நூலகம் இருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் ருசி பார்க்க, பெங்களூர் மகனிடம் சொல்லி ‘சொல்வனம்’, ‘வல்லினம்’ போன்ற இணைய இதழ்களில் வரும் கதை இரண்டை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லலாம். கண்ணுக்குச் சிரமம் என்றால் அதையும் விட்டுவிடுங்கள்.

கடைசியாக நம் மலைக்கே உரிய தொல்லை ஒன்று. இப்போதைய புத்தக அட்டைகளுக்கு வெளிப்பக்கம் மட்டும் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பார்கள். உள்பக்கம் வெறும் காகிதம். கூடலூர்க்காரர்களுக்கு ஆனி ஆடி என்றால் நமக்கு ஐப்பசி கார்த்திகை, அப்போது உள்பக்கம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், வெளிப்பக்கம் உப்பாது. அட்டை வெளிப்பக்கமாகச் சுருண்டுகொள்ளும், அப்பளம் பொரித்த மாதிரி. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காய வைக்காதீர்கள், பசை விட்டுப் பக்கம் கழன்றுவிடும். படுக்கப்போட்டு மேலே கனமாக எதையாவது வைத்தால் இரண்டு நாளில் படிந்துவிடும். சுவரை ஒட்டி அடுக்காமல் நாலு விரல்கடை இடம் விடுங்கள், பூஞ்சணம் சுவரிலிருந்துதான் தொடங்கும்.

கனமாக வைக்க இரண்டாவது மோகமுள் சரியாக இருக்கும் என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். வேண்டாம், அதை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடுங்கள். கொடுத்துவிட்டு, அவள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் கவிதைப் புத்தகம் ஒன்றை ஒரு வாரத்துக்குக் கடன் கேளுங்கள். ஜூலையில் கோவைக்குப் போகும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓர இடத்தை அவளுக்குக் கொடுங்கள், “என்ன வேணும்மா?” என்று பையன் வந்து நின்றால் அவள் பார்த்துக்கொள்வாள்.